கிளஸ்டரில் ஒரே ஒரு முறை ஓட வேண்டிய வேலை: எந்த நோடிடம் கொடுப்பது?

ஒரே சர்வர் இருக்கும்வரை இந்தக் கேள்வி எழாது. புது வெர்ஷனை ஏற்றினோமா, மைக்ரேஷனை (டேட்டாபேஸ் டேபிள்களின் அமைப்பை மாற்றும் கட்டளைகளை) ஓட்டினோமா, முடிந்தது. அதே ஆப்பை, வரும் கோரிக்கைகளைப் பங்கிடும் லோடு பேலன்சருக்குப் பின்னால் மூன்று நோடுகளில் (ஒரே கிளஸ்டரின் மூன்று சர்வர்களில்) வைத்தால் கதை வேறு. புது வெர்ஷனை ஏற்றும் டெப்ளாய் ஸ்கிரிப்ட் ஒன்றுதான், ஆனால் மூன்று இடத்தில் ஓடும்.

இதை நான் நேரில் பார்த்தது ஒரு ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ஆப்பில். இரண்டு நோடுகள், பின்னால் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். இரண்டு நோடுகளின் லாகையும் அருகருகே திறந்து வைத்தேன். ஒன்றில் எல்லா மைக்ரேஷனுக்கும் நேரே ‘ஓகே’. மற்றதில் ‘ரிலேஷன் ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்’ என்று பிழை. இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மைக்ரேஷன் பட்டியலைப் படித்து, ‘இது இன்னும் ஓடவில்லை’ என்று முடிவு செய்து, அதே டேபிளை உருவாக்கப் போயிருக்கின்றன. அங்கே பிழை வந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது. தொடக்கத் தரவை ஏற்றும் ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, டிராப்டவுனில் ஒவ்வொரு நாட்டின் பெயரும் இரண்டு முறை வருகிறது என்று.

படி 1: வேலைகளைப் பிரியுங்கள்

டெப்ளாயில் நடக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இதன் விளைவு அந்த நோடின் டிஸ்க்கில் தங்குகிறதா, எல்லா நோடுகளுக்கும் பொதுவான இடத்துக்குப் போகிறதா? பேக்கேஜ் நிறுவுவதும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் கான்ஃபிகை எழுதுவதும் நோடுக்குள் தங்குபவை, எல்லா நோடிலும் ஓட வேண்டும். மைக்ரேஷன், முதல் அட்மின் கணக்கு, தொடக்கத் தரவு ஆகியவை பொதுவானவை, ஒரு முறைதான் ஓட வேண்டும். சிஎஸ்எஸ், படம் போன்ற ஃபைல்களை ஒரே இடத்தில் சேர்க்கும் ஜாங்கோவின் ‘கலெக்ட்ஸ்டாட்டிக்’ இரண்டு பக்கமும் வரும்: ஃபைல்கள் உள்ளூர் டிஸ்க்குக்குப் போனால் எல்லா நோடிலும், அமேசானின் ஃபைல் சேமிப்புச் சேவையான எஸ்3-க்குப் போனால் ஒரே ஒரு முறை.

படி 2: நோடின் பெயரை ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள்

‘ஹோஸ்ட்நேம் வெப்-1 என்றால் மட்டும் ஓட்டு’ என்று எழுதத் தோன்றும். தேவைக்கேற்ப நோடுகளைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலிங் உள்ள இடத்தில் வெப்-1 எந்த நேரமும் காணாமல் போகலாம். அப்புறம் அந்த வேலையைச் செய்ய ஆளே இருக்காது, அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

படி 3: பிளாட்ஃபார்ம் தரும் வழியைப் பயன்படுத்துங்கள்

ஆப்பை ஏற்றி நடத்தித் தரும் அமேசானின் எலாஸ்டிக் பீன்ஸ்டாக்கில் ‘கன்டெய்னர் கமாண்ட்ஸ்’ பகுதியில் எழுதும் கட்டளைக்கு ‘லீடர்_ஒன்லி’ என்ற அமைப்பு உண்டு. அதை ‘ட்ரூ’ என்று வைத்தால், அந்த டெப்ளாய்மென்ட்டுக்கு லீடராகத் தேர்வான நோடில் மட்டும் கட்டளை ஓடும். இதற்கு முன்னால் ஓடும் ‘கமாண்ட்ஸ்’ பகுதியில் இந்த அமைப்பு கிடையாது. கட்டளைகள் பெயரின் அகரவரிசையில் ஓடுவதால் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள்.

இந்த லீடர் டெப்ளாய்மென்ட் நேரத்துக்கு மட்டும்தான். இதை நம்பி லீடர் நோடில் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) ஏற்றினால், ஆட்டோஸ்கேலிங் அந்த நோடை அணைக்கும் நாளில் கிரானும் சேர்ந்து போய்விடும். மைக்ரேஷனுக்கு லீடர் சரி, தினசரி வேலைக்குக் கூடாது.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் புதியவர்கள் பெரும்பாலும் மைக்ரேஷனை, ஆப்புக்கு முன்னால் ஓடும் இனிட் கன்டெய்னரில் வைக்கிறார்கள். அது ஒவ்வொரு பாட் (ஆப்பின் ஒரு பிரதி) தொடங்கும்போதும் ஓடும். ரெப்ளிகா மூன்று என்றால் மூன்று முறை. அதைத் தனி ‘ஜாப்’ ஆக எழுதுங்கள். குபர்நெட்டிஸின் பேக்கேஜ் கருவியான ஹெல்ம் இருந்தால், ஏற்கெனவே ஓடும் ஆப்புக்கு, அப்கிரேடுக்கு முன்னால் ஓடும் ‘ப்ரீ-அப்கிரேட்’ ஹூக்காகக் கட்டிவிடுங்கள். ஆனால் ஒரே ஒரு முறை ஓடும்படி அமைத்த ஜாப் கூட சில நேரம் இரண்டு முறை தொடங்கலாம் என்று குபர்நெட்டிஸ் ஆவணமே எச்சரிக்கிறது. பல சர்வர்களில் வேலைகளை ஓட்டும் கருவியான ஆன்சிபிளிலும் இப்படி ஒன்று உண்டு: ‘ரன்_ஒன்ஸ்’ போட்டாலும், ‘சீரியல்’ வைத்து நோடுகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தால் தொகுதிக்கு ஒரு முறை ஓடும்.

போதாக்குறைக்கு, அவசரத்தில் யாராவது எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் மைக்ரேஷனைக் கையால் ஓட்டுவதும் நடக்கும். அதனால் நோடைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்த வேண்டாம். தேர்வு தவறி இருவர் ஓட்டினாலும் கெடுதல் வராதபடி செய்ய வேண்டும்.

படி 4: டேட்டாபேஸில் பூட்டு போடுங்கள்

எல்லா நோடுகளும் பேசும் ஒரே இடம் டேட்டாபேஸ், ஆகவே பூட்டும் அங்கேதான் இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் ‘அட்வைசரி’ பூட்டு எந்த டேபிளையும் தொடாது, நாம் சொல்லும் எண்ணை மட்டும் பூட்டும். 4217 என்று வைத்துக்கொள்வோம். ‘பிஜி_அட்வைசரி_லாக்(4217)’ என்று முதலில் கேட்கும் நோடுக்குப் பூட்டு கிடைக்கும். அடுத்து கேட்கும் நோடு அந்த வரியிலேயே காத்து நிற்கும். பூட்டை வைத்திருந்த நோடின் இணைப்பு அறுந்தால் பூட்டு தானாகத் திறந்துவிடும், நாம் போய் எதையும் சுத்தம் செய்ய வேண்டாம்.

ஜாங்கோவின் மைக்ரேஷன் தானாகப் பூட்டு போடாது. ரூபி மொழியின் ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸ் 5-ஆம் பதிப்பிலிருந்து போடுகிறது, மைக்ரேஷன் கருவியான ஃப்ளைவேயும் போடுகிறது. ஜாங்கோவில் நீங்களே ஒரு சிறிய மேனேஜ்மென்ட் கமாண்ட் எழுதுங்கள். வரிசை முக்கியம்: முதலில் பூட்டை வாங்கு, பிறகு வேலை ஏற்கெனவே முடிந்ததா என்று பார், முடியவில்லை என்றால் செய், கடைசியில் பூட்டை விடு. பார்த்துவிட்டுப் பூட்டை வாங்கினால் பயனில்லை. இருவரும் ‘முடியவில்லை’ என்று பார்த்த பிறகு, ஒருவர் பின் ஒருவராகச் செய்துவிடுவார்கள்.

மைக்ரேஷனுக்கு ஜாங்கோவே கணக்கு வைத்திருக்கிறது. தொடக்கத் தரவுக்கு நாம்தான் வைக்க வேண்டும். ஒரு சிறிய டேபிள், அதில் வேலையின் பெயரே பிரைமரி கீ. தரவு ஏற்றும் அதே டிரான்ஸாக்‌ஷனில் அந்தப் பெயரையும் எழுதிவிடுங்கள். பாதியில் நின்றால் இரண்டும் சேர்ந்தே திரும்பிவிடும். எஸ்3 போல டேட்டாபேஸுக்கு வெளியே நடக்கும் வேலைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விளைவு வரும்படி எழுத வேண்டும்.

பூட்டு கிடைக்காவிட்டால் உடனே ‘இல்லை’ என்று திரும்பும் ‘பிஜி_ட்ரை_அட்வைசரி_லாக்’ என்பதும் உண்டு. இந்த இடத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘இல்லை’ என்றதும் மற்ற நோடு மைக்ரேஷனைத் தாண்டிப் போய், இன்னும் உருவாகாத டேபிளை நம்பி ஆப்பைத் தொடங்கிவிடும். இங்கே காத்திருப்பதுதான் நல்லது.

நடுவில், டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் டிரான்ஸாக்‌ஷன் மோடில் இருந்தால் இந்தப் பூட்டை நம்ப முடியாது. பூட்டு இணைப்போடு ஒட்டியது, அங்கே இணைப்போ டிரான்ஸாக்‌ஷனுக்கு டிரான்ஸாக்‌ஷன் மாறக்கூடியது. இந்தக் கமாண்டை மட்டும் போஸ்ட்கிரெஸுக்கு நேராக இணையுங்கள்.

படி 5: கண்ணால் பாருங்கள்

இரண்டு டெர்மினல்களில் போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல் திறங்கள். முதலாவதில் 4217-க்குப் பூட்டு கேளுங்கள், உடனே கிடைக்கும். இரண்டாவதில் அதையே கேளுங்கள். என்டர் தட்டியதும் கர்சர் அப்படியே நிற்கும், ப்ராம்ப்ட் திரும்பாது. மூன்றாவது ஒன்றைத் திறந்து ‘பிஜி_லாக்ஸ்’ வியூவைப் பார்த்தால் ‘அட்வைசரி’ வகையில் இரண்டு வரிகள் தெரியும்: ஒன்றில் ‘கிராண்டட்’ நெடுவரிசை ‘டி’ (கிடைத்தது), மற்றதில் ‘எஃப்’ (கிடைக்கவில்லை). இப்போது முதல் டெர்மினலை மூடிவிடுங்கள். இரண்டாவதில் ப்ராம்ப்ட் வந்துவிடும்.

அடுத்து டெஸ்ட் சூழலில் மூன்று நோடுகளிலும் உங்கள் கமாண்டை ஒரே நேரத்தில் ஓட்டி, தொடக்கத் தரவு டேபிளில் வரிகளை எண்ணுங்கள். நான் எண்ணியபோது ஒவ்வொரு நாடும் ஒரே முறைதான் இருந்தது.