வீட்டு சாமான்ல வேதத்த தேடுறது எப்படி? மாவு குண்டால இருந்து ஆரம்பிங்க

மொத வேலையா உப்பையும் மெழுகுவர்த்தியையும் ஒதுக்கி வெச்சிருங்க. அது ரெண்டையும் பிரசங்கத்துல அத்தன தடவ கேட்டாச்சு, உப்புன்னு சொன்ன உடனே பைபிள் வசனத்த நம்ம வாயே சொல்லி முடிச்சிரும், மனசு அந்தப் பக்கம் திரும்பக்கூட செய்யாது. அதுக்கு பதிலா தெனமும் கை படுற, கொஞ்சம் கடுப்பேத்துற பொருளா ஒண்ணு எடுங்க. எனக்கு அது மாவு குண்டா.

நான் சேலத்துக்காரி, கட்டிக்கிட்டு போனது ஏற்காடு. சேலத்துல வெயில் காலத்துல ராத்திரி அரச்சு வெச்சா காலைல மாவு பொங்கி மேடையெல்லாம் வழிஞ்சு கெடக்கும், ஏற்காட்டுல டிசம்பர் மாசம் அதே அளவு அதே உளுந்து போட்டு அரச்சாலும் காலைல வெச்சது வெச்சபடி கம்முனு இருக்கும். மொத வருஷம் நான் மணிக்கொருக்கா மூடிய தொறந்து பாப்பேன். எங்க அத்தை ஒரு பழைய கம்பளிய குண்டாவ சுத்தி கட்டி அடுப்பு பக்கத்துல தள்ளி வெச்சுட்டு "தொறந்து தொறந்து பாக்காத கண்ணு, இருக்குற சூடும் போயிரும்"னாங்க.

இப்ப வேதத்த எடுங்க, இதுக்கு முன்னாடி எடுக்காதீங்க. பொருளோட ஒரு வாரமாவது பழகிட்டு அப்புறம்தான் வசனம் தேடணும். மத்தேயு 13:33ல ஒரு பொம்பள புளிச்ச மாவ எடுத்து மூணுபடி மாவுல, முழுக்க புளிக்கிற வரைக்கும் "அடக்கிவைத்தாள்"னு இருக்கு. சின்ன வயசுல இருந்து படிச்ச வசனம்தான், ஆனா அந்த கம்பளிக்கு அப்புறம்தான் "அடக்கி" அப்படிங்கற வார்த்தை எனக்கு கண்ணுல பட்டுச்சு. மூடி வெச்சா, விட்டுட்டா, அவ்ளோதான் அவ செஞ்சது. இன்னொண்ணு, அந்த மூணுபடி சும்மா ஒரு அளவு இல்ல, ஆதியாகமம் 18:6ல ஆபிரகாம் வீட்டுக்கு மூணு பேர் விருந்தாளியா வந்தப்ப சாராள் பிசஞ்சதும் மூணுபடிதான், நம்ம ஊரு படி இல்ல, அவங்க அளவு பெருசு, ஊருக்கே போடற அளவு மாவு அது.

பொருந்தாத எடத்தையும் ஒத்துக்கங்க. வேத காலத்து ஆளுங்க பழைய மாவுல கொஞ்சம் எடுத்து புதுசுல சேப்பாங்க, நம்ம இட்லி மாவுக்கு வெளிய இருந்து எதுவும் சேக்கறதில்ல, உளுந்துலயும் அரிசிலயும் இருக்கற நுண்ணுயிரே வேலைய பாத்துக்கும். அதுபோக மத்தேயு 16:6ல அதே புளிச்ச மாவு கெட்டதுக்கு உவமையா வருது, பரிசேயர்ங்கற அந்தக் கால யூத மதப் பிரிவுக்காரங்களோட புளித்தமாவ பத்தி எச்சரிக்கையா இருங்கன்னு. அதனால ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தம்னு நோட்ல எழுதி வெச்சுக்காதீங்க.

தேடும்போது ஒரு சின்ன சிக்கல் இருக்கு. நம்ம பழைய மொழிபெயர்ப்புல இருக்கற பேரும் நம்ம வீட்ல சொல்ற பேரும் எப்பவும் ஒண்ணா இருக்காது. லூக்கா 22:31ல சாத்தான் பேதுருவையும் மத்தவங்களையும் சுளகுல பொடைக்க கேட்டான்னு வரும், நாம முறம்னு சொல்றதுதான் தெக்க சுளகு. மத்தேயு 5:15ல வெளக்க மூடற மரக்கால் நெல் அளக்கற பாத்திரம், பிள்ளைங்க பாத்திருக்கவே மாட்டாங்க, வீட்ல பழைய படி கெடந்தா எடுத்து காட்டுங்க.

வெளக்கமாறு. இதுக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் போகணும். கொலுசு பட்டறைல பெருக்குன குப்பைய யாரும் தெருவுல கொட்ட மாட்டாங்க, அரம் போட்ட தூளு அதுல இருக்கும், சேத்து வெச்சு எரிச்சு உருக்கி வெள்ளிய எடுத்துருவாங்க. அத பாத்துட்டு வந்து லூக்கா 15:8 படிங்க, பத்து வெள்ளிக்காசுல ஒண்ண தொலச்சவ வெளக்க ஏத்தி வீட்ட பெருக்கறா. நாம பெருக்கறது தூக்கி போட, அவ பெருக்கறது கண்டுபிடிக்க. (வெள்ளி உருக்குறவரு தன் முகம் அதுல தெரியற வரைக்கும் காய்ச்சுவாருன்னு வாட்ஸப்ல ஒரு கதை சுத்துதே, மல்கியா 3:3ல அந்த முகம் கெடையாது. ஆண்டவர் உக்காந்துட்டு வெள்ளிய புடம் போடறாருன்னுதான் இருக்கு. எழுந்து போகாம உக்காந்துருக்காரு பாருங்க, எனக்கு அதுவே போதும்.)

குருத்தோலை ஞாயிறுல கோயில்ல தர்ற ஓலைய சிலுவையா மடிச்சு படத்துக்கு பின்னாடி சொருகி வெச்சிருப்பீங்க, கத்தோலிக்க வீடா இருந்தா அது அடுத்த வருஷம் சாம்பல் புதனுக்கு, நெத்தியில பூசற சாம்பலாக்க கோயிலுக்கே திரும்பி போகும், அதுக்கு முன்னாடி அது காஞ்ச நெறத்த ஒரு தடவ பாருங்க. மிக்ஸி, ரிமோட், சார்ஜர் இதுக்கெல்லாம் அர்த்தம் கண்டுபிடிக்க போகாதீங்க, நான் சார்ஜர வெச்சு ஜெபத்த பத்தி ஒரு தடவ பேசி எனக்கே கூச்சமா போச்சு.

பிள்ளைங்களுக்கு சொல்றதா இருந்தா பொருள நடுவுல வெச்சுட்டு நீங்க வாய மூடிக்கங்க. போன கோடைல சண்டே ஸ்கூல்ல ஒரு பிளாஸ்டிக் கொடத்த வெச்சு யோவான் 4 படிச்சோம். சமாரிய பொம்பள கிணத்தண்ட "தன் குடத்தை வைத்துவிட்டு" ஊருக்குள்ள போனான்னு 28ம் வசனத்துல இருக்கு. அஞ்சாறு நாளைக்கு ஒருக்கா கொழாய்ல தண்ணி விடற தெருவுல இருந்து வந்த பிள்ளைங்க அதுங்க, கொடத்த விட்டுட்டு போறதுன்னா என்னன்னு நான் வெளக்க வேண்டியதே இல்ல, எல்லாத்துக்கும் கண்ணு விரிஞ்சிருச்சு. ஒரு பொண்ணு மட்டும் கைய தூக்கி "டீச்சர், அப்புறம் அந்த கொடத்த யாரு எடுத்தா?"ன்னா. நான் அங்கயே அதிகாரம் முழுக்க திரும்ப படிச்சு பாத்தேன். எழுதல.