மறுஉற்பத்தி டீசல் பாகம்: எந்தக் கறையை ஏற்கலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளையும் தோட்டத்து டிராக்டர்களையும் பழுது பார்ப்பதே என் பிழைப்பு. வாரத்துக்கு ஒருவராவது உதிரிபாகப் பெட்டியைப் பட்டறை மேசையில் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணே, புதுசு மாதிரியே இல்லையே, நம்ம தலையில கட்டிட்டானா?" என்று கேட்பது வழக்கம். பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் நல்ல பாகமாகவே இருக்கும். மங்கிய நிறமும் வார்ப்பின் மேலுள்ள சிறு குழிகளும் அவரை மிரட்டியிருக்கும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. பளபளப்பில் மயங்கி, திருப்பியிருக்க வேண்டிய பாகத்தை என்ஜினில் ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. மறுஉற்பத்தி செய்த பாகம் கைக்கு வந்ததும் அதை எப்படிப் பார்ப்பது, எந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடலாம், எதைக் கண்டால் பெட்டியை மூடித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றையும் 'ரீகொன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஜப்பானிலிருந்து வெட்டி வந்த பழைய என்ஜினும் ரீகொன். கேஸ்கெட்டை (இரு தளங்களுக்கிடையே கசிவைத் தடுக்கும் தகடு) மாற்றிச் சாயம் அடித்ததும் ரீகொன். மறுஉற்பத்தி என்பது இவ்விரண்டும் அல்ல. பயன்படுத்திய பாகத்தை முழுவதும் பிரித்து, கழுவி, விரிசல் சோதனை செய்து, தேய்ந்த தளங்களைக் கடைந்தோ சாணை பிடித்தோ குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவந்து, சீல் (கசிவை அடைக்கும் வளையம்), பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) போன்ற தேயும் பொருள்களைப் புதிதாகப் போட்டு, மறுபடியும் சோதித்து அனுப்புவதே மறுஉற்பத்தி. கேட்டர்பில்லர் நிறுவனம் 1973 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. கம்மின்ஸ் போன்ற மற்ற பெரிய தயாரிப்பாளர்களும் செய்கிறார்கள். இப்படி வரும் பாகத்தின் உடல் பழையது, உழைக்கும் தளங்கள் மட்டுமே புதியவை. உடலில் பழைய தழும்புகள் இருப்பது இயல்பு என்பதை மனத்தில் ஏற்றிக்கொண்டால் பாதி பயம் தீர்ந்துவிடும்.

நான் கைக்கொள்ளும் வழி எளிமையானது. குறை எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அந்த இடத்தை வேறு ஏதாவது தொடுகிறதா என்று பார்க்கிறேன். கேஸ்கெட், சீல், பேரிங், பிஸ்டன் வளையம், அழுத்தத்தில் ஓடும் எண்ணெய், எரியும் வாயு ஆகியவற்றில் ஒன்றும் தொடாத இடத்தில் இருக்கும் கறையும் குழியும் கண்ணுக்கு மட்டுமே குறை. இவற்றில் ஒன்று தொடும் இடத்தில் நகம் தடுக்குகிற அளவுக்குக் கீறல் இருந்தாலே அதை நிறுத்தி அளந்து பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு முன் பாகத்தைப் பட்டறைக்குள் விளக்கடியில் வைக்காமல் வெளியே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். காப்புக்காகத் தடவியிருக்கும் எண்ணெயை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். ஒரு டார்ச், நேரான இரும்பு அளவுகோல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இணைப்புத் தளத்துக்குரிய புது கேஸ்கெட், இவை போதும். பெட்டியில் சோதனைச் சீட்டு இருந்தால் அதைக் குப்பையில் போடாமல் தோட்டத்து ஸ்டோர் கிராணியிடமோ லோரி முதலாளியிடமோ கொடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

எந்தப் பாகத்திலும் பொதுவாகக் காணப்படுகிறவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்பு உடல் மங்கிய சாம்பல் நிறத்தில், தொட்டால் சொரசொரப்பாக இருந்தால், அது இரும்புக் குருணையை வீசிச் சுத்தம் செய்ததன் அடையாளம். அலுமினிய உடல் திட்டுத் திட்டாகக் கறுத்தோ வெளுத்தோ இருப்பது கழுவிய இரசாயனத்தால் நேர்வது. பழைய பாக எண்ணைச் சாணையால் அழித்துப் பக்கத்தில் புதிய எண்ணைக் குத்தியிருப்பார்கள். இதை மோசடி என்று நினைத்துச் சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் இது முறையான நடைமுறைதான். வார்ப்பு எண் உங்கள் பழைய பாகத்தின் எண்ணோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம், ஏனெனில் ஒரே பாகத்தை வெவ்வேறு வார்ப்பாலைகள் வெவ்வேறு ஆண்டுகளில் வார்த்திருக்கும். பாக எண் ஒத்திருந்தால் போதுமானது. இடுக்குகளில் பச்சையாகவோ சிவப்பாகவோ சாயம் ஒட்டியிருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள், ஏனெனில் யாரோ விரிசல் சோதனை செய்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. போல்ட் தலைகளில் சாவி பிடித்த தழும்பு, சாயத்தின் நிறம் புதியதிலிருந்து சற்று மாறியிருத்தல், நம் ஈரக்காற்றில் சாயமில்லாத இரும்பின் மேல் இரண்டே நாளில் படியும் செம்பொடி போன்ற துரு ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

குருணை வீசிச் சுத்தம் செய்த பாகத்தில் ஒன்றை மட்டும் கட்டாயம் செய்ய வேண்டும். அதைத் தூக்கிப் பக்கத்துக்குப் பக்கம் சாய்த்துக் காது கொடுத்துக் கேளுங்கள். எண்ணெய் வழிகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு குருணை உள்ளே தங்கியிருந்தாலும் அது எண்ணெயோடு ஓடிப் பேரிங்கைக் கிழித்துவிடும். வெளியே அசிங்கமாகவும் உள்ளே சுத்தமாகவும் இருக்கும் பாகம் நமக்கு வேண்டும். இதற்கு மாறானது வேண்டாம்.

சிலிண்டர்களை மேலே மூடும் சிலிண்டர் ஹெட்டில்தான் ஏமாறுவதற்கு இடம் அதிகம், ஆகவே அதில் சற்று நேரம் செலவிடுங்கள். வால்வு சீட்டுகள் (வால்வு மூடும்போது அமரும் வளையங்கள்) மட்டும் வேறு நிறத்தில் மின்னுவதும், போல்ட் துளைக்குள் சுருள்கம்பி போன்ற எஃகுப் புரி தெரிவதும், கோர் பிளக்குகள் (வார்ப்புத் துளைகளை அடைக்கும் மூடிகள்) மட்டும் புத்தம் புதிதாகப் பளிச்சிடுவதும் நல்ல அறிகுறிகளே. அடித்தளத்தில் கடைசல் கோடுகள் புதியதைவிட வேறு திசையில் ஓடினாலும் பரவாயில்லை. தண்ணீர்த் துளைகளைச் சுற்றி அரிப்புக் குழிகள் இருந்தால் மட்டும் புது கேஸ்கெட்டைத் தளத்தின் மேல் சரியாகப் பொருத்தி, ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் பென்சிலால் வரைந்து, கேஸ்கெட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். குழி பென்சில் கோட்டுக்கு உட்புறம், துளையின் பக்கமே நின்றுவிட்டால் அங்கே கேஸ்கெட் அழுத்தப்போவதில்லை, விட்டுவிடலாம். கோட்டைத் தாண்டி கேஸ்கெட் உட்காரும் இடத்துக்குள் நுழைந்திருந்தால், அதுவும் சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோக வளையம் அமரும் இடத்தில் இருந்தால், குழி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பிறகு அளவுகோலை நீளவாட்டிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் நிறுத்தி, ஃபீலர் கேஜின் 0.05 மில்லிமீட்டர் தகட்டை அடியில் செருகிப் பாருங்கள்; புதிதாகக் கடைந்து வந்த தளத்தில் அது நுழையக் கூடாது என்பது என் கணக்கு. தளத்தைக் கடைந்திருப்பதால் ஹெட்டின் உயரம் குறைந்திருக்கும். அது கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே போகவில்லை என்பதையும், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனை வெளியே நீட்டும் அளவு சரியாக இருப்பதையும் அளந்துகொள்ள வேண்டும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறு இது. இரண்டு ஹெட்டுகள் வந்திருந்தன. ஒன்று கறையும் குழியுமாக இருந்தது. மற்றது வெள்ளி நிறச் சாயத்தில் நகைக்கடைப் பொருளைப் போல மின்னியது. லோரி முதலாளி முகம் சுளிக்கக் கூடாதே என்று மின்னியதை ஏற்றினேன். மூன்று வாரத்தில் ரேடியேட்டரில் குமிழி வந்தது. கழற்றிச் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தபோது இரு வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் ஓடியிருந்தது. தளத்தின் விளிம்பு வரை தெளித்திருந்த சாயம் அதை மறைத்திருந்தது. அன்று முதல் இணைப்புத் தளத்தின் மேல் சாயத்தின் சாடை தெரிந்தாலே சந்தேகப்படுகிறேன். இத்தகைய சந்தேகத்தைத் தீர்க்க ஆய்வகம் தேவையில்லை. சாயத்தைத் துடைத்து எடுத்து, மண்ணெண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, துணியால் உலரத் துடைத்து, பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டியைப் பொடித்து மெல்லத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் ஊறி வெளியே வந்து, வெண்பொடியின் மேல் மயிரிழை போல ஈரக்கோடு போடும்.

கிராங்க்‌ஷாஃப்டைப் பொறுத்தவரை (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு இது), எதிர்ப்பளுக்களின் மேலுள்ள துருக்கறையும், சமநிலைக்காகத் துளையிட்ட குழிகளும் பொருட்படுத்தத் தக்கவை அல்ல. அக்குழிகள் புதியதிலும் இருக்கும். சாணை பிடித்த தண்டு 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் சிறுத்திருக்கலாம். அதைத் தண்டிலோ சோதனைச் சீட்டிலோ குறித்திருப்பார்கள். அதற்கேற்ற பேரிங்கை வாங்காமல் வழக்கமான அளவைப் போடுவதே பெரிய ஆபத்து. பேரிங் அமரும் பகுதியில் நீல நிறம் படர்ந்திருந்தால் அது சூட்டில் வெந்த தண்டு, ஏற்கக் கூடாது. அந்தப் பகுதி முடியும் மூலை வளைவாக, வழவழப்பாக இருக்க வேண்டும். கூரான படி போல் வெட்டியிருந்தால் தண்டு அந்த இடத்தில்தான் முறியும். தண்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினால் கோயில் மணியைப் போல நீண்டு ஒலிக்க வேண்டும். உடைந்த சட்டியைத் தட்டியது போல் சத்தம் செத்துப்போனால் விரிசல் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்புங்கள்.

டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) வந்தால் என்னிடம் அதிகமாகக் காட்டப்படும் 'சேதம்' உண்மையில் சேதமே அல்ல. காற்றுச் சக்கரத்தின் நடுத்திருகிலும் பின்பக்கத்திலும் யாரோ அரத்தால் கடித்தது போல வெட்டுகள் தெரியும். சக்கரத்தைச் சமநிலைப்படுத்துவதற்காக உலோகத்தைச் சீவியெடுத்த அடையாளம் அது. புது டர்போவிலும் அதைக் காணலாம். புகைப் பக்க உறை செம்மண் நிறத்தில் இருப்பதும் அப்படியே. ஆனால் சக்கர இதழ்களின் ஓரத்தில் கடுகளவு சிதைவு இருந்தாலும், இதழ் வளைந்திருந்தாலும், உறையின் உட்சுவரில் சக்கரம் உரசிய வளையம் தெரிந்தாலும் விவாதத்துக்கு இடமில்லை. தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் சற்று ஆடும். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங் உலர்ந்திருக்கும்போது அப்படித்தான் இருக்கும். முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு ஏறக்குறைய தெரியவே கூடாது.

இன்ஜெக்டரில் உடலின் நிறம், பழைய கவ்வியின் தழும்பு, அடித்து அழித்த பழைய குறியீடு ஆகியவற்றை விட்டுவிடலாம். முனை மட்டும் குறையற்றதாக இருக்க வேண்டும்; அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்க ஒருநாளும் முயலாதீர்கள். காமன் ரெயில் அமைப்பில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எரிபொருள் போவது) எரிபொருள் 1,600 பார் அழுத்தத்தையும் தாண்டிப் போகிறது, உள்ளே நகரும் பாகங்களுக்கிடையேயான இடைவெளியோ சில மைக்ரான் மட்டுமே. குறியீட்டு எண்ணுள்ள இன்ஜெக்டராக இருந்தால், உடலில் இப்போது செல்லும் எண் எது என்று பார்த்து, அதை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியில் பதிய வேண்டும். பழைய எண்ணைப் பதிந்துவிட்டுப் புகையைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிஸ்டன் ஓடும் உருளை உறையான லைனர் கொஞ்சம் தனி விஷயம். வெளிப்புறம் தண்ணீர் படும் பக்கத்தில் நிறம் மாறியிருப்பது கறை. ஆனால் ஒரே வரிசையில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் இருந்தால் அது குளிர்நீரில் குமிழிகள் வெடித்து அரித்த தடம், அதை அழகுக் குறை என்று எழுதிவிடக் கூடாது. உட்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஹோனிங் கோடுகள் (எண்ணெய் தங்குவதற்காகத் தீட்டிய நுண்கோடுகள்) கட்டாயம் தெரிய வேண்டும். கண்ணாடி போல மின்னும் லைனர் எண்ணெய் குடிக்கும். தண்ணீர் பம்ப், எண்ணெய்க் கூலர், புகை மேனிஃபோல்டு ஆகியவற்றில் இணைப்பு முகம் சமமாகவும் புரிகள் முழுமையாகவும் இருந்தால் மீதியை மன்னிக்கலாம்.

ஏற்க முடியாத குறை தெரிந்தால் நீங்களே அரம் போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். கைவைத்த பாகத்தை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். பாக எண் தெரியும்படி ஒரு படம், குறை இருக்கும் இடத்தை முழுத் தளத்தோடு காட்டும் படம் ஒன்று, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் ஒன்று என்று எடுத்து, என்ஜினில் பொருத்துவதற்கு முன்பே கடைக்கு அனுப்புங்கள். "அழகாக இல்லை" என்று சொல்லாமல், "மூன்றாவது சிலிண்டரின் கேஸ்கெட் வளையம் அமரும் இடத்தில் குழி உள்ளது" என்று சொன்னால் கடைக்காரரால் மறுக்க இயலாது.

பாகத்தை ஏற்றுக்கொண்டால் பழையதைத் திருப்பிக் கொடுத்து, அதற்காகக் கடை பிடித்து வைத்திருக்கும் முன்பணத்தை வாங்க வேண்டும். எண்ணெயை வடித்து, துளைகளை அடைத்து, புதியது வந்த அதே பெட்டியில், பிரிக்காமல் முழுதாக வையுங்கள். துருவைத் தேய்த்துக் கழுவிச் சாயம் அடித்துக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. அங்கே அதை வாங்கிப் பார்ப்பவரும் துருவைப் பார்ப்பதில்லை. உடைந்திருக்கிறதா, ஒட்டுப் போட்டிருக்கிறதா, ஏதாவது குறைகிறதா என்றுதான் பார்ப்பார்.