பேட்டரி நிரம்பிய நண்பகலில் மைக்ரோகிரிட்டைச் சோதிப்பது எப்படி?

பொது மின்கம்பியான கிரிட் இல்லாதபோதும் சோலார், பேட்டரி கொண்டு தனியாக ஓடும் வீட்டு மின்னமைப்புதான் மைக்ரோகிரிட். அதில் 3 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர், 5 கிலோவாட் பேட்டரி இன்வெர்ட்டர், 16 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி (51.2 வோல்ட், 200 ஆம்பியர்-மணி), 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர், டிசி கிளாம்ப் மீட்டர், 1 கிலோவாட் ஹீட்டர் நான்கு தேவை.

1. கிரிட்டைத் துண்டியுங்கள். மெயின் பிரேக்கரை இறக்கியதும் அதன் வீட்டுப் பக்க முனையை (பேட்டரி இன்வெர்ட்டருக்குப் போகும் பக்கம்) அளந்து பாருங்கள். 0 வோல்ட் இருக்க வேண்டும். மின்சாரம் தெரிந்தால் அது வெளிக்கம்பிக்குத் திரும்பும் வழி திறந்திருக்கிறது, கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து. சோதனையை அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளங்கள். ஏறக்குறைய 0 வர வேண்டும். பல பத்து வோல்ட் காட்டினால் இன்வெர்ட்டருக்குள் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ரிலே (தானியங்கி ஸ்விட்ச்) மூடவில்லை. ஷாக் அடித்தாலும் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஸ்விட்ச்) விழாது. அதன் டெஸ்ட் பட்டனை நம்பாதீர்கள், எர்த் இல்லாமலே அது வேலை செய்யும்.

சோலார் சில நிமிடம் கழித்துத்தான் சேரும். அது பழுதல்ல.

2. லோடு ஏற்றுங்கள். சோலாரை அணைத்துவிட்டு ஹீட்டர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். நான்கும் ஓடும்போது பேட்டரி கேபிளில் 80 ஆம்பியருக்கு மேல் போகும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி போல்ட்டிலும் மறு முனையை கேபிள் லக்கிலும் (கேபிள் நுனியின் உலோக வளையம்) வையுங்கள். 0.4 வோல்ட் காட்டினால் அந்த ஒரே இணைப்பில் 32 வாட் சூடாகிறது. மின்சாரத்தை நிறுத்தி லக்கைக் கழற்றி, சுத்தம் செய்து, சரியான முறுக்கு விசையில் (டார்க்) இறுக்குங்கள்.

3. லோடை உதறுங்கள். பலர் விட்டுவிடும் சோதனை இதுதான். பேட்டரி 95 சதவீதத்துக்கு மேல், நல்ல வெயில், சோலார் ஓட்டத்தில், மூன்று ஹீட்டர் ஓடட்டும். முதல் சுற்றில் ஒவ்வொன்றாக அணையுங்கள், அடுத்த சுற்றில் மூன்றையும் ஒரேயடியாக. சோலார் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. பேட்டரி இன்வெர்ட்டர் அதிர்வெண்ணை 51, 52 ஹெர்ட்ஸ் என உயர்த்த, சோலார் இன்வெர்ட்டர் அதைப் பார்த்து உற்பத்தியைக் குறைக்க வேண்டும்.

எல்லாமே அணைந்தால் பிஎம்எஸ் (பேட்டரி செல்களைக் கண்காணித்துக் காக்கும் கருவி) பதிவைப் பாருங்கள். மொத்தம் 56 வோல்ட்தான் இருக்கும், ஆனால் ஒரு செல் மட்டும் 3.65 வோல்ட்டைத் தொட்டிருக்கும், பிஎம்எஸ் துண்டித்துவிடும். செல்களைச் சமன்படுத்தி, சார்ஜ் வோல்ட்டேஜை இறக்குங்கள். சோலார் படிப்படியாகக் குறையாமல் சட்டென்று விழுந்தால் அது இன்னும் கிரிட்டுக்கான செட்டிங்கிலேயே இருக்கிறது. கிரிட் இல்லாமல் தனித்து ஓடும் தீவு இயக்கத்துக்கு மாற்றுங்கள்.

4. கிரிட்டுக்குத் திரும்புங்கள். இதையும் நிரம்பிய பேட்டரியோடே செய்யுங்கள். பிரேக்கரை ஏற்றியும் இணையாமல் காத்திருந்தால் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 51.5-இல் நிற்கும் தீவு 50-இல் ஓடும் கிரிட்டோடு சேராது. கிரிட் இணைப்புக்கான ஐஇஇஇ 1547 தரநிலை சிறு அமைப்புகளுக்குத் தரும் வித்தியாச வரம்பே 0.3 ஹெர்ட்ஸ்தான். நான்கு ஹீட்டரையும் போடுங்கள். அதிர்வெண் இறங்கியதும் கிரிட்டை இணைக்கும் காண்டாக்டர் (பெரிய ரிலே) மூடும் சத்தம் கேட்கும்.