கடற்பஞ்சில் உள்ள சேர்மத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? (பிளாங்க், அதாவது பஞ்சு இல்லாத வெற்று மாதிரி, ஓட்டாமல் தொடங்காதீர்கள்)

கடற்பஞ்சு வேறு, கடற்பாசி வேறு. பஞ்சு ஒரு விலங்கு. ஓடி ஒளிய முடியாத உயிர் என்பதால் உடம்பிலேயே வேதிப்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும்.

நான் எடுத்துக்கொண்டது மன்னார் வளைகுடாவில் வாழும் சூடோசெரட்டினா பர்பூரியா என்ற கடற்பஞ்சு. கடலுக்குள் மஞ்சளாக இருக்கும், வெளியே எடுத்தால் கறுத்துவிடும். அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள்.

படி 1: சிறு துண்டை ப்ளீச்சில் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். பல பஞ்சுகளில் கண்ணாடி ஊசி போன்ற முட்கள் மிஞ்சும். இந்த இனத்துக்கு முட்களே கிடையாது, அதனால் ஒன்றும் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம்.

படி 2: உறையவைத்து உலர்த்தி, மெத்தனாலில் மூன்று முறை ஊறவைத்து வடிகட்டுங்கள். அப்புறம் சி18 கார்ட்ரிட்ஜில் (உப்பை விட்டுவிட்டுச் சேர்மங்களைப் பிடித்துவைக்கும் சிறு வடிகுழாய்) ஏற்றி, முதலில் தண்ணீர் விட்டு உப்பை வெளியேற்றுங்கள். பிறகு மெத்தனால் விட்டுச் சேர்மங்களை இறக்குங்கள்.

படி 3: எல்சி-எம்எஸ். கலவையைப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறின் எடையையும் காட்டும் கருவி இது. நான் மூன்று வாரம் இழந்தது இங்கேதான். 391.28 என்ற எடை எண்ணில் பெரிய பீக் (வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் முனை), பக்கத்திலேயே 413.27. கடல் சேர்மப் பட்டியல்களில் பொருந்தவில்லை, புதிய சேர்மம் என்றே நம்பினேன். உண்மையில் அது பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட். 391 அது ஒரு புரோட்டானோடு சேர்ந்தது, 413 அதே மூலக்கூறு சோடியத்தோடு சேர்ந்தது. நான் பிளாங்க் ஓட்டாமல் இல்லை. பாட்டிலிலிருந்து நேராக எடுத்த மெத்தனாலை ஓட்டினேன், அது சுத்தமாக வந்தது. என் பிளாஸ்டிக் குழாய்களை அது தொடவே இல்லையே! பஞ்சு மட்டும் இல்லாமல், அதே குழாய், அதே கார்ட்ரிட்ஜ், எல்லாப் படிகளையும் கடந்து வந்ததுதான் பிளாங்க். இப்போது கண்ணாடிக் குப்பிகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

படி 4: புரோமினைத் தேடுங்கள். இந்தக் குடும்பத்துப் பஞ்சுகள் புரோமின் ஏறிய டைரோசின் (ஒரு அமினோ அமிலம்) சேர்மங்களுக்குப் பேர்போனவை. இயற்கைப் புரோமினில் 79, 81 எடையுள்ள அணுக்கள் இரண்டும் ஏறக்குறைய பாதிப்பாதி. ஒரு புரோமின் என்றால் இரண்டு எண் இடைவெளியில் சம உயரமுள்ள இரு பீக்குகள். இரண்டு என்றால் 1:2:1. நான்கு என்றால் 1:4:6:4:1. எனக்குக் கிடைத்தது 663, 665, 667, விகிதம் 1:2:1. 1987-இலேயே வெளியான சாமாப்ளின் ஏ என்ற சேர்மம் ஒரு புரோட்டானோடு சேரும்போது வரும் எடை அது.

தரவைப் பார்க்க எம்இசட்மைன் என்ற மென்பொருள், தெரிந்த சேர்மங்களோடு ஒப்பிட ஜிஎன்பிஎஸ் என்ற இணையத்தளம். இரண்டும் இலவசம், எனக்கு இவையே போதும். ஆனால் மென்பொருள் தரும் மதிப்பெண்ணுக்கு முன் விகிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

படி 5: என்எம்ஆர். மூலக்கூறில் அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் சோதனை இது. புரோமின் வளையத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பின்சேர்க்கை: மீத்தாக்சி தொகுதியோடு (ஒரு ஆக்சிஜன், அதில் ஒரு மெத்தில்) ஒரு சேர்மம் வருகிறது, பஞ்சே செய்ததா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மெத்தனாலே ஒட்டியிருக்கலாம், இந்தக் குடும்பத்தில் அது நடக்கும். ஒரு பங்கை எத்தனாலில் ஊறவைத்துப் பாருங்கள். பழைய பீக் போய், 14 எண் (ஒரு மெத்தனால் ஒட்டியிருந்தால்) அல்லது 28 எண் (இரண்டு என்றால்) தள்ளிப் புதியது வந்தால், அது கரைப்பான் செய்த வேலை.