பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பு: வாங்கும் முன் படிக்க, வாங்கிய பின் கையை அடக்க

நான் முதலில் வாங்கியது ஒரு மோசின் நாகான்ட் 91/30, பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள். வீட்டுக்கு வந்த வாரமே உப்புத்தாளை எடுத்து அதன் மரக்கட்டையை வழவழவென்று தேய்த்து, வார்னிஷ் அடித்து, புதுசு மாதிரி ஆக்கிவிட்டேன். பெருமையாக ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கட்டையில இருந்த முத்திரை எங்கே?"

அந்தத் தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: சட்டம்

உரிமம் வேண்டுமா, எத்தனை வைத்துக்கொள்ளலாம், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும், செயலிழக்கச் செய்த துப்பாக்கிக்கு என்ன விதி என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டு விதியை முதலில் படித்துவிடுங்கள். "பழசுதானே, ஒன்றும் வேண்டாம்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். உதாரணத்துக்கு, அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1898 வரை செய்தவை 'ஆன்டிக்' (பழம்பொருள்) கணக்கில் வரும். மோசின் 1891 மாடல்தான், ஆனால் 1943-இல் செய்த மோசின் அந்தக் கணக்கில் வராது. மாடல் பெயரில் உள்ள ஆண்டு வேறு, செய்த ஆண்டு வேறு.

படி 2: ஒரு குடும்பத்தைப் பிடியுங்கள்

ராணுவம் புது ரகத்துக்கு மாறியதும் கிடங்கில் தேங்கியதைக் கழித்துக்கட்டும், அதுதான் சர்ப்ளஸ். உலகம் முழுக்க இருந்து வந்திருப்பதால் கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கத் தோன்றும். வேண்டாம். ரஷ்ய மோசின், பிரிட்டிஷ் லீ என்ஃபீல்ட் (நம் ஆட்கள் 'திரீ நாட் திரீ' என்று சொல்வது), ஜெர்மானிய மவுசர் 98கே, அமெரிக்க எம்1 கேரண்ட் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் முத்திரைகளையும் வகைகளையும் ஆறு மாதம் படியுங்கள், அப்புறம் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் ஸ்விட்சர்லாந்தின் கே31 பக்கம் சாய்வேன். போல்ட்டை (தோட்டா அறையை மூடித் திறக்கும் இரும்பு உருளை) தூக்காமல் நேராகப் பின்னுக்கு இழுத்தாலே போதும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கட்டையின் தோளில் பதியும் முனையில் இருக்கும் இரும்புத் தகட்டைக் கழற்றினால் சில சமயம் உள்ளே மடித்த சீட்டு ஒன்று இருக்கும், அந்த ரைஃபிளைச் சுமந்த சிப்பாயின் பெயரும் ஊரும் படைப்பிரிவும் எழுதியது. ஆர்வக்கோளாறில் அதை உருவிக் கிழித்துவிடாதீர்கள்.

படி 3: முத்திரைகளைப் படியுங்கள்

கையில் எடுத்ததும் முதல் வேலை, முனையை ஆளில்லாத பக்கம் திருப்பி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையும் மேகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. நூறு வருஷத்துப் பொருளாக இருந்தாலும் இதில் விதிவிலக்கு கிடையாது. அப்புறம் ஒரு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மோசினில் முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் இஷெவ்ஸ்க் ஆயுதசாலை, நட்சத்திரம் இருந்தால் துலா. சதுரக் கட்டத்துக்குள் 'எஸ்.ஏ.' என்று இருந்தால் அது ஃபின்லாந்து ராணுவத்தின் கையில் இருந்தது. 98கேயில் 'பி ஒய் எஃப்' என்றால் ஓபெர்ன்டார்ஃபில் இருந்த மவுசர் தொழிற்சாலை. அதன் சின்னச் சின்ன பாகங்களில் கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் நல்லது, ஆனால் ஒத்துப்போவதுபோல் காட்டுவதும் உண்டு. சோவியத் கிடங்குகளில் பழுதுபார்த்தபோது பழைய எண்ணைத் தேய்த்தோ அடித்தோ புது எண் குத்தினார்கள், மின்பேனாவால் கீறியும் எழுதினார்கள். குழலில் உள்ள எண்ணின் எழுத்தையும் போல்ட்டில் உள்ள எண்ணின் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், '7'இன் வால் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். இது மோசடி இல்லை, அந்த ரைஃபிளின் வாழ்க்கையில் ஒரு கட்டம். ஆனால் 'தொழிற்சாலையிலேயே பொருந்தியது' என்று விலை சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஜப்பானிய அரிசாகா ரைஃபிளின் மேல் 16 இதழ் சாமந்திப்பூ இருக்கும், பேரரசரின் சின்னம். சரணடைந்த துப்பாக்கிகள் பலவற்றில் அதைத் தேய்த்து அழித்திருப்பார்கள். பூ முழுசாக இருப்பதற்கு மதிப்பு அதிகம் என்பதால் தேய்த்த இடத்தில் மறுபடி செதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மானிய முத்திரைகளில் போலி இன்னும் அதிகம், குறிப்பாக எஸ்.எஸ். (ஹிட்லரின் நாஜிப் படை) சம்பந்தப்பட்டது என்று யாராவது சொன்னால் பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள்.

படி 4: உடல்நிலை

குழலுக்குள் இருட்டாக இருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பல சமயம் அது கிடங்கு கிரீஸும் அழுக்கும்தான். சுத்தம் செய்து பார்த்தபின் உள்ளே சுழன்று ஓடும் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. சில மோசின்களில் முனையின் உட்பக்கத்தைக் கொஞ்ச தூரம் அகலமாகக் குடைந்திருப்பார்கள். அது தேய்ந்த முனையைச் சரிசெய்த வேலை, பயப்பட வேண்டாம். ஸ்வீடனின் மவுசர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கட்டையின் பக்கவாட்டில் பதித்திருக்கும் பித்தளை வட்டில் குழலின் நிலையை ஆயுதசாலைக்காரரே குறித்திருப்பார்.

சுடும் எண்ணம் இருந்தால் ஹெட்ஸ்பேஸைக் கட்டாயம் அளக்க வேண்டும், அதாவது போல்ட் மூடியபின் தோட்டாவுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று. இதற்கென்று கேஜ் என்ற அளவுக்கருவிகள் உண்டு: 'கோ' கேஜில் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ'வில் மூடக்கூடாது. 'ஃபீல்ட்' கேஜிலும் மூடிவிட்டால் அந்த ரைஃபிள் சுவரில் மாட்ட மட்டும்தான். லீ என்ஃபீல்ட் நம்பர் 4-இல் இந்த அளவைச் சரிசெய்யவே போல்ட்டின் தலை 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் வந்தது, அதனால் போல்ட் எண் மாறியிருந்தால் இரண்டு மடங்கு கவனம். 'டி.பி.' என்று குத்தியிருந்தால் அது கவாத்துப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடாதீர்கள். அமெரிக்க 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளில் வரிசை எண் 8,00,000-க்குக் கீழே இருந்தால் (ராக் ஐலண்ட் ஆயுதசாலையில் செய்தது என்றால் 2,85,507-க்குக் கீழே) அதுவும் அப்படியே, அந்தக் காலத்தில் எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தியதில் கோளாறு. சந்தேகம் வந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

படி 5: "7.62" என்ற எண்ணை நம்பாதீர்கள்

மோசினுக்கு 7.62×54ஆர். எஸ்.கே.எஸ் என்ற சோவியத் ரைஃபிளுக்கு 7.62×39. இந்தியாவின் இஷாப்பூர் ஆயுதசாலையில் செய்த 2ஏ1 பார்க்க அச்சு அசல் திரீ நாட் திரீ, மேகசின் மட்டும் கொஞ்சம் சதுரமாக இருக்கும், ஆனால் அது தின்பது 7.62×51. ஜெர்மானியர்கள் நார்வேயில் விட்டுப்போன 98கேக்களை நார்வே .30-06 என்ற அமெரிக்கத் தோட்டாவுக்கு மாற்றி அவற்றின் மேலும் 7.62 என்றே குத்தியது. நான்கும் வேறு வேறு தோட்டாக்கள். குழலின் உள்விட்டத்தை மட்டும் சொல்லும் எண்ணைப் பார்த்து வாங்கி வராதீர்கள், தெரியாவிட்டால் அறையை வார்ப்பெடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

படி 6: சுத்தம்

கிடங்கிலிருந்து வந்தது என்றால் காஸ்மோலின் என்கிற பழுப்பு கிரீஸ் அப்பியிருக்கும். இரும்பில் இருப்பதை வெந்நீரிலோ, திறந்த வெளியில் நெருப்பில்லாத இடத்தில் மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைப்பான்) வைத்தோ துடைக்கலாம். கட்டையைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் போட்டால் தானாகக் கசிந்து வரும், துடைத்துத் துடைத்துப் போட வேண்டியதுதான். போல்ட்டின் உட்புறத்தை மறக்காதீர்கள். எஸ்.கே.எஸ்-ஸில் தோட்டாவை அடிக்கும் ஊசி கிரீஸில் ஒட்டிக்கொண்டால் விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கலாம்.

பழைய ராணுவத் தோட்டா சுட்டால் அன்றைக்கே கழுவுங்கள். அதன் ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சின்ன மூடி) உள்ள பொட்டாசியம் குளோரேட் வெடித்தபின் உப்பாக மாறிக் குழலில் படியும், அந்த உப்பு ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. முதலில் வெந்நீர், பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்தல், கடைசியில்தான் எண்ணெய்.

கட்டைக்கு உப்புத்தாள் கூடாது, கறுப்பு போன இரும்புக்குப் புதுப் பூச்சும் கூடாது. ஆளிவிதை எண்ணெய் பூசிய கட்டை வறண்டிருந்தால் இரண்டு சொட்டு தேய்க்கலாம். தேய்த்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், அது தானாகத் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

படி 7: வைப்பதும் எழுதுவதும்

தோல் உறையில் நாள்கணக்கில் வைத்தால் துரு நிச்சயம். பூட்டிய அலமாரி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல், தோட்டா தனியாக, அவ்வளவுதான். பிறகு ஒரு நோட்டு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு பக்கம்: வரிசை எண்கள், முத்திரைகளின் படம், எங்கே எப்போது வாங்கியது, வந்தபோது எப்படி இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள்.

என் நோட்டில் முதல் பக்கம் அந்த மோசினுக்கு. கட்டை முத்திரை என்ற இடத்தில் "இருந்தது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.