பழைய ஆட்டோ-5 ஷாட்கன்னை கழட்டி துடைக்கும்போது

ரொம்ப வருஷமா மூலையில கிடந்த பிரவுனிங் ஆட்டோ-5 கைக்கு வந்தா, முதல்ல சேம்பர்லயும் (சுடுறப்போ தோட்டா இருக்கிற அறை) மேகசின் ட்யூப்லயும் (பேரலுக்குக் கீழ தோட்டா அடுக்கி வைக்கிற குழாய்) தோட்டா இல்லைன்னு விரலை விட்டே தொட்டுப் பாத்துருங்க, கண்ணை நம்பாதீங்க. முன்னாடி இருக்கிற மூடியை திருகும்போது பேரலை ஒரு கையால அமுக்கிப் புடிச்சுக்கணும், உள்ள இருக்கிற பெரிய ஸ்ப்ரிங் தள்ளிட்டு வரும். பேரலுக்கு அடியில இருக்கிற முன்கட்டை ரொம்ப மெல்லிசு, இழுத்தா கீறல் விடும், மெதுவா நேரா உருவுங்க.

அடுத்து வர்றதுதான் முக்கியம். ட்யூப்ல இருக்கிற பித்தளை கலர் பிரேக்கும் ஸ்டீல் வளையமும் எந்த வரிசையில, எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு உருவுறதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, ஏன்னா இதுல சுடும்போது பேரலே பின்னாடி போய்ட்டு வரும், அந்த வேகத்தைப் புடிக்கிறது இந்த உராய்வுதான், மாத்திப் போட்டா அடி கட்டையில விழும் இல்லன்னா காலி தோட்டா வெளிய வராது.

தேன் மாதிரி கெட்டியான பழைய எண்ணெய் மண்ணெண்ணெய்ல ஊறினா இளகிரும், பித்தளை பிரஷ் போதும். திரும்ப மாட்டும்போது ட்யூப்ல எண்ணெயை ஊத்தாதீங்க (உராய்வு குறைஞ்சிரும்; நான் ஊத்தினேன், தோள்பட்டை சொல்லிச்சு), எண்ணெய் தொட்ட துணியால ஒரு தடவு, அவ்ளோதான். ஸ்க்ரூல கை வைக்காதீங்க, அளவு சேராத ஸ்க்ரூடிரைவர் ஸ்க்ரூ தலையில இருக்கிற காடியை நாசம் பண்ணிரும்.