ஒரு சிறுகதையை வைத்துப் பிறர் கருத்துக்குக் காதுகொடுப்பது எப்படி?

பெண்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு எழும்போது, நம்மில் பலர் அடுத்தவர் எப்போது பேசி முடிப்பார் என்று காத்திருக்கிறோமே தவிர, அவர் சொல்வதைக் கேட்பதில்லை. தன் வீட்டில் நடந்ததைச் சொல்லத் தயங்குபவர்கூடக் கதையில் வரும் பெண்ணைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார் என்பதால், கேட்கப் பழகுவதற்குச் சிறுகதையைவிட நல்ல துணை இல்லை என்பது என் அனுபவம். ஆறேழு பேர், ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு கதை போதும்.

முடிவைப் பற்றி வாசகர்கள் இரண்டுபடும் கதையாகத் தேர்ந்தெடுங்கள். 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பிய ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' இதற்கு மிகவும் பொருந்தும். மழை பெய்யும் மாலையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, அவனால் சிதைக்கப்பட்டு வீடு திரும்பித் தாயிடம் அழுகிறாள்.

கதையை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். தாய்க்கு விஷயம் தெரியவரும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். தாய் இனி என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரும் பெயரிடாமல் இரண்டு வரி எழுதட்டும். சீட்டுகளைக் கலைத்து, கையில் வந்ததை அவரவர் படித்து, தமக்கு உடன்பாடில்லாவிட்டாலும் அதை எழுதியவரின் இடத்தில் நின்று இரண்டு நிமிடம் நியாயம் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை அவசரப்படுத்தாதீர்கள். பிறர் கருத்து நம் வாயால் வெளிவரும்போதுதான் அதன் எடை நமக்குத் தெரிகிறது.

பிறகு மீதியை வாசியுங்கள். மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று சொல்லும் தாய், நடந்ததை யாரும் அறியாமல் காக்க முனைகிறாள். மகளைக் காப்பாற்றிய தாய் என்று சிலர் நெகிழ்வார்கள். தவறு செய்யாதவளுக்குத் தூய்மை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். எங்கள் குழுவில் எழுபதைக் கடந்த ஓர் அம்மாள், "மழையில் நடுங்கி வந்த பிள்ளைக்கு மறுபடியும் பச்சைத்தண்ணீரா?" என்று மட்டும் கேட்டார். அதுவரை வாதாடிய இருவரும் அடங்கிப்போனார்கள்.

இங்கே ஒரு விதி வேண்டும்: மறுத்துப் பேசுமுன், எதிரிலிருப்பவர் சொன்னதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்ற ஒப்புதலைப் பெற வேண்டும்.

அந்தத் தாய் ஊரறியக் கதறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை ஜெயகாந்தனே பின்னர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாக எழுதினார்; அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எழுத்தாளரே தம் முடிவுக்கு எதிர்த்திசையில் நடந்து பார்த்தார் என்பதைக் குழுவினரிடம் சொல்லுங்கள். தம் கருத்தை மாற்றிக்கொள்ளக் கூசுபவருக்கு அது துணிவு தரும். கடைசிப் பத்து நிமிடத்தை அந்தப் பெண்ணுக்காக ஒதுக்கி, அவளிடம் யாரும் கேட்காத கேள்வி எது என்று ஒவ்வொருவரையும் சொல்லச் செய்யுங்கள். தீர்ப்பு எழுதாமலே கலையலாம்.